தேக்கா பக்கத்து நாட்டு மருந்துக் கடை: சரக்கு உண்டு, சீட்டு இல்லை

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடையின் சித்தரத்தைக்கு இணையாகச் சிங்கப்பூரில் நான் வேறெங்கும் வாங்கியதில்லை. உடைத்தால் நார் பிரிகிறது, வாசனை மூக்கில் ஏறுகிறது. திப்பிலியில் பூச்சி இல்லை. சுக்கும் சுண்ணாம்பில் புரட்டி வெளுப்பாக்கிய பளபளப்புச் சுக்கு அல்ல. மண்ணிறத்தில் சுருங்கிப்போய், பார்க்க அழகில்லாத, நல்ல சுக்கு. கடுக்காயைக் கையில் எடுத்தால் கனம் தெரிகிறது. அதிமதுரத்தைக் கீறிப் பார்த்தால் உள்ளே மஞ்சள், நாக்கில் வைத்தால் இனிப்பு. இவ்வளவையும் தொட்டு, முகர்ந்து, உடைத்துப் பார்க்கக் கடைக்காரப் பெரியவர் அனுமதிக்கிறார். பிளாஸ்டிக் பையில் அடைத்து வைத்து, "திறக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டும் கடைகளுக்கு நடுவில் இது பெரிய விஷயம்.

லிட்டில் இந்தியா எனப்படும் தேக்கா வட்டாரத்தில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கடை இருக்கிறது. பெயரை எழுதப்போவதில்லை. கீழே நான் சொல்லும் குறைகள் இந்த ஒரு கடைக்கு மட்டும் உரியவை அல்ல; பெரியவரின் பிழைப்பில் கை வைக்கவும் எனக்கு மனமில்லை. தேக்காவில் பழகியவர்களுக்கு மூக்கே வழி காட்டிவிடும்.

நான் பல ஆண்டுகள் மருத்துவமனை மருந்தகத்தில் மருந்தாளருக்கு உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மாத்திரை எண்ணி, உறையில் சீட்டு ஒட்டி, "சாப்பாட்டுக்குப் பின்" என்று நாள் முழுவதும் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியவள். அதனால் எந்த மருந்தைக் கையில் எடுத்தாலும் சீட்டைத்தான் முதலில் தேடுவேன். என் மகள் இதைத் தொழில் நோய் என்கிறாள்.

போனது அவளுக்காகத்தான். தலைப்பிரசவம். கும்பகோணத்திலிருந்து சம்பந்தி அம்மாள் வாட்ஸ்அப்பில் நீளமான பட்டியல் அனுப்பியிருந்தார்: சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, வால்மிளகு, சித்தரத்தை, அதிமதுரம், ஓமம், சதகுப்பை, பெருங்காயம். குழந்தைக்கு உரைமருந்தாக வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய். பட்டியலை நீட்டியதும் பெரியவர் படித்துவிட்டு, "பிள்ளை பெற்றவருக்கா அம்மா, இன்னும் வயிற்றில் இருக்கிறதா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி அது. கேட்காமல் கட்டிக் கொடுப்பவர்களே அதிகம்.

தாய்க்கான சாமான்களில் எனக்குச் சண்டை இல்லை. சமையலறையில் தினமும் புழங்குபவை, அளவும் குழம்புக்கும் லேகியத்துக்கும் உரிய அளவு. அதிமதுரத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். லேகியத்தில் ஒரு துண்டு சேர்வதில் ஒன்றுமில்லை. ஆனால் தொண்டைக்கு நல்லது என்று நாள்தோறும் கஷாயம் வைத்து வாரக்கணக்கில் குடித்தால், அதிலுள்ள கிளிசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தங்கவைத்து, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றும். இரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்கள், இதய நோயாளிகள், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் கட்டிக் கொடுத்த பொட்டலத்தில் இப்படி ஒரு வரி கிடையாது. பொட்டலத்தில் பெயர்கூடக் கிடையாது. பழைய செய்தித்தாளில் மடித்து, நூல் சுற்றி, "இது அது, அது இது" என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தபின் வால்மிளகு எது, மிளகு எது என்று என்னால் பிரித்துவிட முடியும். என் மகளால் முடியாது.

சிக்கல் குழந்தையின் பக்கத்தில்தான். பேரனுக்கு ஜி6பிடி குறைபாடு, அதாவது இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவு. பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் செய்யும் பரிசோதனையில் தெரிந்தது. இந்தப் பரிசோதனை சிங்கப்பூரில் 1965 முதல் நடக்கிறது. அதற்கு முன்னால் பச்சிளங்குழந்தைகளுக்குக் கடுமையான மஞ்சள் காமாலை வந்து மூளை வரை பாதிக்கும். இறந்த குழந்தைகளும் உண்டு. ஜி6பிடி குறைந்த குழந்தைகள் சாதாரணமாக வளர்ந்து, ஓடி ஆடித் திரிவார்கள். சில பொருள்கள் மட்டும் அவர்களுடைய சிவப்பணுக்களை உடைத்துவிடும். பாச்சை உருண்டையிலுள்ள நாப்தலீன், கச்சாங் பூத்தே என்ற வறுகடலைப் பொட்டலத்தில் வரும் அகலமான ஃபாவா அவரை, சில மாத்திரைகள், சில மூலிகைகள்.

தாதி கொடுத்த தாளில் தவிர்க்க வேண்டிய மூலிகைகளின் பட்டியல் இருந்தது. எல்லாம் சீனப் பெயர்கள். அவற்றில் முதலாவது ஹுவாங் லியன். அதிலுள்ள பெர்பெரின் என்ற பொருளைப் பச்சிளங்குழந்தைகளின் காமாலையோடு தொடர்புபடுத்தி, 1978இல் சிங்கப்பூர் தடையே செய்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு சான்றுகளை மீண்டும் பார்த்து அந்தத் தடையை நீக்கினார்கள். இந்தக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான எச்சரிக்கை மட்டும் அப்படியே நிற்கிறது. நம் வீட்டுப் பாட்டிகளுக்கு ஹுவாங் லியன் என்றால் என்னவென்று தெரியாது. அதே பெர்பெரின் நம் மரமஞ்சளில் இருக்கிறது. அந்தத் தாளில் மரமஞ்சள் இல்லை. மருதாணியும் இல்லை. மருதாணியின் சாயப்பொருளான லாசோன், நாப்தலீனுக்கு வேதியியலில் நெருங்கிய உறவு. இந்தக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மருதாணி பூசியபின் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில், தமிழ்ப் பெயர்களோடு ஒரு தாள் அச்சடிப்பது அவ்வளவு கடினமா?

கடைக்கு வருகிறேன். பெரியவர் வேறொருவருக்கு நிறுத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய மருமகன் போலிருந்த இளைஞன் ஆர்வமாக ஒரு மஞ்சள் கட்டையை எடுத்து வைத்தான். "மரமஞ்சள் அம்மா. குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரில் போடுங்கள், தோலுக்கு நல்லது" என்றான். குழந்தைக்கு ஜி6பிடி குறைபாடு என்றேன். "அது என்ன நோய் அம்மா?" என்று கேட்டான். ஊரிலிருந்து வந்து அதிக நாள் ஆகாத பையன்; அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செய்யப்படும் சோதனையின் பெயரையாவது, குழந்தைக்கு மருந்து விற்கும் கடையில் நிற்பவன் தெரிந்துகொள்ள வேண்டும். அதைவிட எனக்குக் கோபம் வந்தது அவன் தலைக்கு மேலிருந்த தட்டைப் பார்த்துத்தான். குழந்தைக்கான குளியல் பொடிக்குப் பக்கத்திலேயே பாச்சை உருண்டைப் பொட்டலங்கள். இரண்டையும் வேறு வேறு தட்டில் வைக்கக் காசு செலவில்லை. பெரியவரிடம் சொன்னேன், உடனே எடுத்து ஊதுவத்திப் பக்கம் மாற்றினார். முகம் சுளிக்கவில்லை.

வசம்பை நான் வாங்கவில்லை. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் எடுத்ததையே வாங்கவில்லையா என்று சம்பந்தி அம்மாளுக்கு வருத்தம். வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது, இந்திய வகையில் கூடுதலாகவே இருக்கிறது. அதன் எண்ணெயைத் தின்ற எலிகளுக்குக் குடலில் கட்டிகள் வந்ததைப் பார்த்து, 1968இல் அமெரிக்கா உணவில் வசம்பைச் சேர்க்கத் தடை விதித்தது. எலிக்குக் கொடுத்த அளவும், சுட்டு உரைத்துக் குழந்தையின் நாக்கில் தொட்டு வைக்கும் அளவும் ஒன்றல்ல என்று சம்பந்தி சொன்னால், அதை நான் மறுக்க மாட்டேன். என் கேள்வி வேறு. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்கிறார்கள். வேறெதுவும் தேவைப்படாத வயிற்றுக்குள் இதை எதற்காக அனுப்ப வேண்டும்? கறுப்புக் கயிற்றில் கோத்துத் தொட்டிலில் கட்டிக்கொள்ளுங்கள் என்று சமாதானம் செய்தேன். எட்டாத உயரத்தில்.

இதுவரை சொன்னது இழுப்பறைகளில் உள்ள கடைச்சரக்கு. இனிமேல் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி அலமாரி. பொடி, மாத்திரை, செந்தூரம், பற்பம், மூட்டுவலித் தைலம், மூட்டுவலி உருண்டை. பாதிக்கு மேல் ஊரிலிருந்து வந்தவை. சிலவற்றில் தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன. சிலவற்றில் சாமி படமும் கைபேசி எண்ணும் மட்டும் இருந்தன. ஒரு டப்பாவைக் காட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று இளைஞனைக் கேட்டேன். "எல்லாம் மூலிகைதான் அம்மா" என்றான். எந்த மூலிகை என்று கேட்டதற்குச் சிரித்தான்.

பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சீன மருந்துக் கடையில் பெட்டியாக விற்கும் தயாரிப்பு மருந்துகள் இறக்குமதிக்கு முன்பே, சிங்கப்பூரில் மருந்துகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையத்தில் பட்டியலிடப்பட வேண்டும். சீன மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றாக வேண்டும். நம் சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கு அப்படி முன்அனுமதி எதுவும் இல்லை. பாதுகாப்பாக இருக்க வேண்டியது விற்பவரின் பொறுப்பு என்பதுதான் விதி. பாதரசம் பத்து லட்சத்தில் அரைப் பங்குக்கு மேல், ஆர்செனிக் 5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு உண்டு. மேற்கத்திய மருந்து எதுவும் கலக்கக் கூடாது. ஆணையம் சந்தையில் மாதிரி எடுத்துச் சோதித்து, பிடிபட்டவற்றைப் பெயரோடு அறிவிக்கிறது. ஆனால் நீங்கள் கையில் எடுக்கும் டப்பாவை உங்களுக்கு முன்னால் யாராவது சோதித்திருக்கிறார்களா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை.

இரசமும் லிங்கமும் தாளகமும் சேர்த்துச் செய்யும் மருந்துகள் நம் மரபில் உண்டு. பாதரசத்தையும் ஆர்செனிக்கையும் தெரிந்தே சேர்க்கிறார்கள். சுத்தி செய்து, புடம் போட்டு, அளவு பார்த்துக் கொடுப்பதுதான் வைத்தியரின் வேலை என்கிறார்கள். அந்தக் கைப்பக்குவத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் எத்தனை புடம் போட்டார்கள், யார் போட்டார்கள் என்று சாமி படம் சொல்லாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது, 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. 2004இல் வந்த ஆய்வு. அதே குழு 2008இல் இணையத்தில் வாங்கிய 193 பொருள்களைச் சோதித்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் உலோகம். உலோகம் சேர்க்கும் இரச சாஸ்திர வகையில் 40 விழுக்காட்டுக்கு மேல். அதைவிட என்னை யோசிக்கவைத்தது அடுத்த எண். வெறும் மூலிகை என்று விற்கப்பட்டவற்றிலும் 17 விழுக்காட்டில் உலோகம் இருந்தது. மண்ணிலிருந்து வந்ததா, அரைத்த இயந்திரத்திலிருந்து வந்ததா, பக்கத்துத் தொட்டியிலிருந்து சிந்தியதா, பொடியைப் பார்த்து யார் சொல்ல முடியும்?

மூட்டுவலி உருண்டைக்கு வேறு பயம். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது, பசி எடுக்கிறது, முகம் பூரித்துவிட்டது என்று யாராவது மகிழ்ந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டெராய்டு கலந்த வலி மருந்துகளைச் சுகாதார அறிவியல் ஆணையம் மீண்டும் மீண்டும் பிடித்திருக்கிறது. நிலா போல் வட்டமாகும் முகம், மெலிந்த தோல், ஏறும் சர்க்கரை. நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. உடல் தன் சொந்த ஸ்டெராய்டைச் சுரப்பதை மறந்திருக்கும், மயங்கி விழுவார்கள். டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

2008இல் மருத்துவமனைகளில் வேலை பார்த்தவர்கள் அந்த ஆண்டை மறக்க மாட்டார்கள். ஆண்மைக்கு என்று சந்து பொந்துகளில் விற்ற மாத்திரைகளில் கிளிபென்கிளமைட் கலந்திருந்தது. அது நீரிழிவுக்கான மருந்து. அவற்றில் சில மூலிகை என்றே விற்கப்பட்டவை. ஜனவரியிலிருந்து மே வரை, நீரிழிவே இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிப் பொது மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். நால்வர் இறந்தார்கள். வெட்கப்பட்டு எதைச் சாப்பிட்டோம் என்று சொல்லாமல் படுத்திருந்தவர்களும் உண்டு. இந்தக் கடையில் அந்த வகை மாத்திரை எதுவும் என் கண்ணில் படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் பொடியாக்காமல் முழுதாக விற்கும் மூலிகையெல்லாம் நல்லதா என்று கேட்டால், அதுவும் இல்லை. சோதித்துப் பார்க்க வேண்டுமென்றே ஆடுதீண்டாப்பாளை இருக்கிறதா என்று கேட்டேன். இளைஞன் இழுப்பறையைத் தேடப் போனான். பெரியவர் தலை நிமிராமலே, "அது விற்பதில்லை, சிறுநீரகத்துக்கு ஆகாது" என்றார். சபாஷ் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தச் செடியிலும் அதன் உறவான ஈஸ்வரமூலியிலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மாத்திரை சாப்பிட்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் கெட்டது இதனால்தான். ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக இந்தக் குடும்பத்துச் செடி ஒன்று தவறிக் கலந்துவிட்டது. பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய். அந்த அமிலம் மரபணுவில் தனக்கே உரிய தழும்பை விட்டுச் செல்லும். அதைத் தேடிக் கண்டுபிடித்ததில் சிங்கப்பூர் ஆய்வாளர்களுக்கும் பங்குண்டு. 2017இல் இங்குள்ள டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியும் தேசியப் புற்றுநோய் நிலையமும் பங்கேற்ற ஆய்வில், தைவானில் 98 கல்லீரல் புற்றுக்கட்டிகளைப் பார்த்ததில் 78 விழுக்காட்டில் அந்தத் தழும்பு இருந்தது. சாப்பிட்டவர்களுக்கு அன்று வயிற்றுவலிகூட வந்திருக்காது. "தாத்தா காலத்திலிருந்து சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வதில் உள்ள ஓட்டை இதுதான். இருபது ஆண்டு கழித்து வரும் நோயைத் தாத்தா எந்த மூலிகையோடு சேர்த்துப் பார்த்திருப்பார்?

இருந்தாலும் முழுச்சரக்கில் எனக்கு ஒரு வாய்ப்பாவது இருக்கிறது. சீந்திலை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று இந்தியாவில் எல்லோரும் குடித்தார்கள். மும்பை மருத்துவர்கள் கல்லீரல் வீக்கத்தோடு வந்த நோயாளிகளைப் பற்றி 2021இல் எழுதினார்கள். அது வேறு செடியாக இருக்கலாம் என்று இந்தியாவின் பாரம்பரிய மருத்துவத்துக்கான ஆயுஷ் அமைச்சு மறுத்தது. பத்தவாலி என்று மலாய்க்காரர்கள் வளர்ப்பது சீந்திலின் உடன்பிறப்பு. எங்கள் புளோக்கில் கீழ்மாடித் தாழ்வாரத் தொட்டியில்கூட ஒன்று படர்ந்திருக்கிறது. அதன் தண்டில் பரு பருவாக முடிச்சுகள் இருக்கும். துண்டு தண்டாக இருந்தால் எது எது என்று ஓரளவாவது பார்த்துச் சொல்லலாம். பொடியாக வந்தால் இரண்டும் ஒரே பச்சைக் கசப்பு. இந்தக் கடையில் சீந்தில் தண்டாகவும் இருக்கிறது, பொடியாகவும் இருக்கிறது. பொடிதான் அதிகம் விற்கிறதாம். அஸ்வகந்தா எனப்படும் அமுக்கராவும் அப்படியே. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அமுக்கரா சாப்பிட்டுக் காமாலை வந்தவர்களைப் பற்றி 2020இல் எழுதியிருந்தார்கள். டென்மார்க் 2023இல் தடையே செய்துவிட்டது. தூக்கம் வரும் என்று காப்ஸ்யூலாக விழுங்கும் நம் பிள்ளைகள், கண் மஞ்சளானாலோ உடல் அரித்தாலோ முதலில் அதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு: இழுப்பறைச் சரக்குக்கு ஐந்தில் நான்கு, கண்ணாடி அலமாரிக்கு ஒன்று. பெரியவருக்குத் தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்க வழியிருந்தால் கொடுப்பேன். அவரிடம் ஒரு யோசனை சொன்னேன். பொட்டலத்துக்கு ஒரு சின்னச் சீட்டு: சரக்கின் பெயர், தாவரவியல் பெயர், எந்தப் பகுதி, எந்த நாட்டிலிருந்து வந்தது, வாங்கிய தேதி. "இவ்வளவு எழுத யாருக்கு அம்மா நேரம்?" என்றார். அந்த இளைஞனுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறது, கணினியும் தெரிந்திருக்கும் என்றேன். யோசித்துப் பார்க்கிறேன் என்றார். வியாபாரிகள் அப்படிச் சொன்னால் பெரும்பாலும் இல்லை என்று பொருள், ஆனால் பாச்சை உருண்டையை நகர்த்தியவர் இதையும் செய்யலாம்.

பிள்ளை பெற்றவளுக்கான சாமான் எல்லாமாகச் சேர்த்து நாற்பது வெள்ளிக்குள் முடிந்தது. பேரங்காடியில் அரைத்துப் புட்டியில் விற்கும் லேகியத்தைவிட மலிவு; அரைக்கும் வேலை நம்முடையது. மிக்ஸியில் கண்டந்திப்பிலி சீக்கிரம் மசியாது, முதலில் இடித்துக்கொள்ளுங்கள். அட்டை வாங்கமாட்டார்கள், கைபேசியில் பணம் அனுப்பும் பேநவ் உண்டு. இரசீது கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் இல்லை. ஞாயிறு மாலை தேக்காவில் நடக்கவே இடம் இருக்காது என்பதால் வார நாளில் போங்கள். பெரியவர் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார், அந்நேரம் இளைஞன் மட்டும்தான் இருப்பான். குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ வாங்குவதாக இருந்தால் பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள்.